வாசகர் வட்டத்தில் ஒரு ஓட்டு

கையில புஸ்தகம் வச்சிருக்கீங்க, அதான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். பின்னால மூணு சீட்டு காலியாத்தான் கெடக்கு. ஆனா புஸ்தகம் படிக்கிற ஆளப் பாத்துட்டா எனக்கு வேற இடத்துல உக்கார மனசு வராது. நீங்க படிங்க சார், படிங்க. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு வாரேன், உங்களுக்கு ஒரு இடைஞ்சலும் இல்ல.

ஆனைக்கால்புதூர் பஜார்ல பரமார்த்தலிங்கம் பாத்திரக்கடைன்னா யாரைக் கேட்டாலும் கை காட்டுவாவ. அந்தப் பரமார்த்தலிங்கம் நான்தான். அது மட்டும் இல்ல, எங்க ஊர் கிளை நூலகத்து வாசகர் வட்டத் தலைவர். பதினோரு வருஷம். இப்ப இல்ல, அது வேற விஷயம். அந்த விஷயமாத்தான் திருநெல்வேலி மாவட்ட நூலக ஆபீசுக்குப் போயிக்கிட்டிருக்கேன்.

நான் எதுக்கும் கோவப்படுற ஆளு கிடையாது. அத மொதல்லயே சொல்லிருதேன். பொறவு நீங்க தப்பா நினைச்சுறக் கூடாது.

வாசகர் வட்டம்னா மாசாமாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை சாயந்திரம் கூட்டம். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை. தலைமையுரை நான். சிறப்புரைக்கு வாரேன்னு சொன்ன ஆளு வரலைன்னா அதுவும் நான். பாதி மாசம் வரமாட்டாவ. அரிசி மில் சண்முகவேல், வாட்ச் ரிப்பேர் அந்தோணிப்பிச்சை, இன்னும் நாலு பேரு, என்னையும் சேத்து ஏழு. ஏழுதானான்னு நினைக்காதீங்க. ஏழு பேரும் பதினோரு வருஷமா அவங்கவங்க நாக்காலிய மாத்தாம உக்காந்தவங்க. அந்தக் கட்டுப்பாடு வேற எந்த ஊர்ல இருக்கு? கூட்டம் முடிஞ்சதும் உளுந்த வடை, காப்பி. வடைக்குத்தான் வாராவன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு கிளம்பிச்சு. சரின்னு ஒரு மாசம் வடைய நிப்பாட்டிப் பாத்தேன். அன்னைக்குன்னு பாத்து மழை, ஒருத்தரும் வர முடியல. சின்னத் தூறல்தான், ஆனாலும் மழை மழைதான.

விருந்தாளிக்குப் பொன்னாடை உண்டு. பதினோரு வருஷமா ஒரே பொன்னாடை. போத்துவோம், போட்டோ எடுப்போம், அவர் பஸ் ஏறுறதுக்கு முன்னால சண்முகவேல் பக்குவமா வாங்கி மடிச்சு வச்சுருவான். பரிசுன்னா எங்க கடை எவர்சில்வர். டம்ளர், மூடி போட்ட சம்படம், தூக்குவாளி, எல்லாத்துலயும் 'அன்பளிப்பு எஸ். பரமார்த்தலிங்கம்'னு வெட்டித்தான் குடுப்பேன். பேர் வெட்டாம எங்க கடையில இருந்து ஒரு கரண்டி வெளிய போவாது. நூலகத்துக்குப் பின்னால தகரக் கொட்டகை ஒண்ணு போட்டுக் குடுத்தேன், அதுலயும் பெருசா எழுதியிருக்கு, பரமார்த்தலிங்கம் கலையரங்கம்னு. பெருமைக்குச் சொல்லல. கொட்டகைன்னா ஒரு பேர் வேணும்லா.

புஸ்தகம் படிப்பீங்களான்னு கேக்கீங்களா? அதத்தான் அந்தம்மாவும் கேட்டுச்சு.

போன வருஷம் ஜூன் மாசம் புது நூலகர் வந்துச்சு. ஜெசிந்தான்னு பேரு, நாசரேத் பக்கம். நான் மொத நாளே சால்வையோட போயி நின்னேன், அந்தப் பொன்னாடைதான், வேற எது. அந்தம்மா போத்திக்கிட்டு, மடிச்சு பீரோவுல வச்சுப் பூட்டிருச்சு. சண்முகவேல் கைய நீட்டினவன் அப்படியே நிக்கான். எனக்கு அன்னைக்கே சந்தேகம்.

பொறவு கேக்குது, "சார், கூட்டத்துக்கு வாரவங்கள்ல யாராச்சும் புஸ்தகம் எடுத்துட்டுப் போறாங்களா?"

நான் சொன்னேன், "மேடம், நாங்க புஸ்தகத்த வளக்கிறவங்க. எடுத்துட்டுப் போறவங்க வேற."

என் தலைமையுரை எல்லாத்தையும் சேத்து ஒரு புஸ்தகம் போட்டிருக்கேன் சார். அலமாரியில முப்பது பிரதி இருக்கு. அந்தம்மா அதுல ஒண்ண எடுத்து, பின் அட்டையில தேதி முத்திரை குத்துற சீட்டத் திருப்பிக் காட்டுச்சு. ஒரே ஒரு ஆள்தான் எடுத்திருக்காவ. மூணு தடவ எடுத்திருக்காவ. உறுப்பினர் எண் ஒண்ணு. அது நான்தான். ஒரு எழுத்தாளன் தன் புஸ்தகத்தத் தானே படிச்சுப் பாக்கக் கூடாதா? அந்தம்மா புஸ்தகத்த இருந்த இடத்துலயே திருப்பி வச்சுருச்சு.

அதுக்குப் பொறவு ஆரம்பிச்சுச்சு. செவ்வாக்கிழமை பென்ஷன் மனு, சாதிச் சான்றிதழ் மனு எழுதிக் குடுக்கிறது. சனிக்கிழமை கண்ணு மங்கினவங்களுக்குப் பேப்பர் வாசிச்சுக் காட்டுறது. நூலகம் என்ன, தாலுகா ஆபீசா? சரி, அதையும் பொறுத்தேன். புதன்கிழமை ஒண்ணு செஞ்சுச்சு பாருங்க.

எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு பீடி சுத்துற பொம்பளைங்க. மடியில சுளகு, அதான் மொறம், அதுல இலையும் தூளும், கையில கத்தரி. காலையில உக்காந்தா பொழுது சாயுற வரைக்கும் குனிஞ்ச தலை நிமிர மாட்டாவ. அந்தம்மா தெருத்தெருவாப் போயி, "எங்கயோ உக்காந்து சுத்துறத நூலகத்துல வந்து சுத்துங்க. நீங்க சுத்துங்க, நான் கதை வாசிக்கேன்"னு கூப்பிட்டிருக்கு. புதன்கிழமை ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும். எங்க வச்சு? என் கலையரங்கத்துல. என் பேருக்குக் கீழ.

நான் நேரா போயி, "மேடம், நூலகத்துல புகை பிடிக்கக் கூடாதுன்னு போர்டு தொங்குது, பாக்கலியா?"ன்னு கேட்டேன்.

"அவங்க பிடிக்கல சார், சுத்துறாங்க" அப்படின்னுச்சு.

அப்பவும் நான் கோவப்படல. அங்கன ஒரு பொம்பள, எங்க கடையில செம்பு வாங்கினவ, தலை நிமிராமச் சொல்லுதா, "அண்ணாச்சி, பேரு பெருசா போட்டிருக்கீங்க, ஒரு ஃபேனும் போட்டிருக்கலாம்லா." மத்தவளுங்க எல்லாம் சிரிக்காளுங்க. நான் வெளிய வந்துட்டேன்.

உள்ள என்ன நடக்குன்னு தெரியணும்லா. தலைவர் போயி பீடிப் பொம்பளைங்க நடுவுல உக்கார முடியாது. அதனால என் வீட்டுக்காரிய அனுப்பினேன். கோமதி அவ பேரு, கோமுன்னு கூப்பிடுவோம். எட்டாங் கிளாஸ் படிச்சவ. ஒரு சோலிக்கும் வெளிய போகாதவ. நானே அனுப்பினேன் சார், அத மறந்துறாதீங்க. "ஏட்டி, போயி உக்காந்து, அந்தம்மா என்ன பேசுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு"ன்னேன்.

மொத வாரம் வந்து சொன்னா, "ஒண்ணும் தப்பா நடக்கலைங்க. மேடம் கதை வாசிக்காவ. இவங்க இலை வெட்டுதாவ."

"என்ன கதை?"

"ஒருத்தி காணாமப் போன மகளத் தேடி ரயில்ல போறா."

"கிடைச்சாளா?"

"தெரியல. நாலு மணியாயிருச்சு. மிச்சம் அடுத்த புதன்கிழமதான்."

அப்ப அடுத்த வாரமும் அனுப்பித்தான ஆகணும். அனுப்பினேன். மூணாவது வாரம் நான் சொல்லாமலே கிளம்பிட்டா. நாலாவது வாரம் மத்தியானம் சாப்பிட வாரேன், சோறு மூடி வச்சிருக்கு, ரசம் ஆறிக் கெடக்கு. புதன்கிழமைன்னா எனக்கு ஆறின ரசம்னு ஆயிருச்சு. வந்ததும் கேட்டா, "ஒண்ணும் விசேஷம் இல்லைங்க" அப்படிங்கா. வேவு பாக்க அனுப்பின ஆளு வேவு சொல்ல மாட்டேங்குது.

நடுவுல ஒரு நாள், "கடையில பழைய பில் புக் மிச்சம் இருக்கா? பின் பக்கம் வெறுமனதான இருக்கு, எழுத ஆகும்"னு கேட்டா. பலசரக்குச் சீட்டு எழுதவாக்கும்னு ஒரு கட்டு குடுத்தேன். அது எதுக்குப் போச்சுன்னு பின்னால சொல்லுதேன்.

ஆவணி மாசம் ஒரு பொம்பள கடைக்கு வந்தா, இட்லிக் கொப்பரை வாங்க. பேர் வெட்டிக்கிட்டிருக்கேன். அவ சொல்லுதா, "அண்ணாச்சி, உங்க வீட்டு அக்கா வாசிச்சா நேரம் போறதே தெரியல. போன வாரம் நான் ஆயிரத்துக்கு இருநூறு கொறச்சலாச் சுத்தியிருக்கேன், கை நின்னு நின்னு போயிருது."

"எந்த அக்கா?"

"கோமு அக்காதான். மேடத்துக்குத் தொண்ட கட்டினதுல இருந்து அக்காதான வாசிக்காவ."

எனக்குக் கை தவறி, கொப்பரையில அவ பேரு 'இசக்கியம்மாள்'ல ஒரு எழுத்து விழுந்து போச்சு. முப்பத்தோரு வருஷத்துல எங்க கடையில ஒரு எழுத்து தப்பினது அன்னைக்குத்தான்.

அடுத்த புதன்கிழமை போனேன். கதை கேக்கப் போகல, ஆதாரம் எடுக்கப் போனேன். கலையரங்கத்துக்குப் பின்னால ஒரு சன்னல் உண்டு, அது கிட்ட செங்கல் கெடக்கு. செங்கல் மேல ஒரு கால வச்சு நின்னேன். உள்ள பாத்தா நாப்பது அம்பது பேரு. நடுவுல ஸ்டூல்ல இவ. புஸ்தகத்த நெஞ்சோட அணைச்சு வச்சுக்கிட்டு வாசிக்கா.

சார், அவ குரல் எனக்குத் தெரியாதா? முப்பத்தோரு வருஷமாக் கேக்கிற குரல். 'சாப்பிட வாரீங்களா', 'கேஸ் தீந்துருச்சு', 'அத்த வீட்டுல கல்யாணம்'. அவ்வளவுதான். இது அந்தக் குரல் இல்ல. ரயில் வேகமாப் போற இடத்துல வேகமாப் போகுது. அந்தத் தாய்க்காரி ஒரு ஸ்டேஷன்ல இறங்கித் தண்ணி பிடிக்கா, அப்ப நிக்குது. எல்லாக் கத்தரியும் சேந்து நிக்குது. மகளப் பாத்த மாரி இருக்குன்னு ஒரு டீக்காரன் சொல்லுதான். அந்நேரம் பாத்து ஒரு பய சைக்கிள்ல வந்து, "அண்ணாச்சி, இங்கன என்ன செய்யுதீங்க?"ன்னு கேட்டுட்டான். செங்கல் சரிஞ்சுபோச்சு. நான் சுவரப் பாத்துக்கிட்டு, "தகரம் ஒழுகுதான்னு பாக்கேன்"னு சொல்லி வந்துட்டேன்.

மக கிடைச்சாளா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. வீட்டுல கேக்க முடியுமா? கேட்டா, நின்னது தெரிஞ்சுபோவும். ஒரு மணி நேரம் நின்னிருக்கேன், ஆதாரம் ஒண்ணும் கிடைக்கல.

நவம்பர் மாசம் நூலக வார விழா வந்துச்சு. அது என் விழா. பதினோரு வருஷமா அழைப்பிதழ்ல என் பேருதான் பெருசு. பாளையங்கோட்டையில இருந்து ஒரு பேச்சாளர ஏற்பாடு பண்ணியிருந்தேன், ரெண்டு மணி நேரம் மூச்சு விடாமப் பேசுவாரு. அந்தம்மா வந்து, "புதன்கிழமைக் குழுவுக்கு அரை மணி நேரம் வேணும் சார்"னு கேட்டுச்சு. நான் பெரிய மனசு பண்ணி, நன்றியுரைக்கும் நாட்டுப்பண்ணுக்கும் நடுவுல பத்து நிமிஷம் குடுத்தேன்.

அன்னைக்குக் கூட்டம் பாக்கணும் நீங்க. நூறு பேரு. கொட்டகை கொள்ளல. என் பேச்சக் கேக்க நூறு பேரு வந்திருக்கான்னு நினைச்சு, எழுதி வச்சிருந்ததுக்கு மேலயே கொஞ்சம் பேசினேன், ஒரு முக்கால் மணி நேரம். பொம்பளைங்க சுளகோட வந்திருந்தாளுங்க. நான் பேசுதேன், அவளுங்க இலை வெட்டுதாளுங்க. பாளையங்கோட்டைக்காரர் பேசுதாரு, அப்பவும் வெட்டுதாளுங்க. கத்தரிச் சத்தத்துல அவரு பாட்டு ஒண்ணு எடுத்து விட்டாரு, அதுவும் எடுபடல.

கடைசியா இவ, கோமு, எந்திரிச்சா. கையில ரெண்டு தாள். என் பில் புக்குத் தாள் சார். எழுதின பக்கம் அவ பக்கம் இருக்கு, கூட்டத்தப் பாத்த பக்கம் 'பரமார்த்தலிங்கம் பாத்திரக்கடை'ன்னு அச்சடிச்சிருக்கு. பரவாயில்லையே, விளம்பரமாச்சேன்னு நானும் நிமிந்து உக்காந்தேன்.

அவ வாசிச்சது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கு. "எங்கள் வீட்டில் நூற்றுப் பதினான்கு பாத்திரங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் என் கணவர் பெயர் இருக்கிறது. தண்ணீர் குடித்தால் அவர் பெயர் உதட்டில் படும். சோறு வடித்தால் அவர் பெயர் கையைச் சுடும்." ஜனங்க சிரிச்சுது. நானும் சிரிச்சேன், மேடையில இருக்கோம்லா. பாராட்டித்தான் எழுதியிருக்கா.

பொறவு வாசிச்சா. "எனக்குச் சீராக வந்த வெண்கலப் பானையில் என் அம்மா பெயர் இருந்தது. ஆவுடையம்மாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பானையின் கழுத்தை விரலால் தடவி, இதுதான் என் பெயர் என்று சொல்லுவாள். கல்யாணமான இரண்டாம் மாதம் என் கணவர் அந்தப் பெயரை அரத்தால் ராவிவிட்டு அந்த இடத்தில் தன் பெயரை வெட்டினார். அம்மா அடுத்த தடவை வந்தபோது பானையை எடுத்துக் கழுத்தைத் தடவினாள். எழுத்து இருந்தது. அம்மா சிரித்தாள். நான் சொல்லவில்லை. அம்மா சாகும் வரை சொல்லவில்லை."

கத்தரிச் சத்தம் எப்ப நின்னுச்சுன்னு எனக்குத் தெரியல.

இப்ப நீங்களே சொல்லுங்க. அவ அம்மாவே சந்தோஷமாத்தான் போயிருக்கா. அவ எழுதினதுலயே இருக்குல்லா, சிரிச்சான்னு. அப்ப தப்பு எங்க இருக்கு? பாத்திரக்கடைக்காரன் வீட்டுல வேற பேர் போட்ட பானை இருந்தா, அடகுக்கு வாங்கினதுன்னு நாலு பேரு பேச மாட்டானா?

மேடையில பேசினவங்களுக்கெல்லாம் சம்படம் குடுக்கிறது வழக்கம். இவளுக்கும் நான்தான் குடுத்தேன். வாங்கினா, திருப்பிப் பாத்தா, பேரக் கட்டைவிரலால ஒரு தடவு தடவினா, மேசை மேல வச்சுட்டுப் போயிட்டா. அப்பக் கை தட்டினாளுங்க பாருங்க, தகரம் அதிருது. பாளையங்கோட்டைக்காரர் என் காதுல, "யார் சார் அந்த அம்மா? நம்ம வட்டாரத்துல இப்படி ஒரு எழுத்தா?"ன்னு கேட்டாரு. நான் அவருக்குக் கார் வந்துருச்சுன்னு சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அமைதியாத்தான் கேட்டேன். "ஏட்டி, பானை விஷயத்த ஊரறியச் சொல்லணுமா? வீட்டுக்குள்ள எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"சொன்னேன்" அப்படின்னா.

"எப்ப?"

"ராவுன அன்னைக்குச் சொன்னேன். அம்மா செத்த அன்னைக்குச் சொன்னேன். நடுவுல ஏழெட்டு தடவ சொன்னேன். கடைக்கு நேரமாச்சுன்னு போயிட்டீங்க."

இருக்கலாம். கடைக்கு நேரமானா போகத்தான வேணும்.

நான் கோவப்படல சார். ஆனா ஒரு அமைப்புன்னா ஒழுங்கு வேணும். யாரு தலைவர்னு ஊருக்குத் தெரியணும். ஜனவரியில வட்டத்துக்கு ஆண்டுக் கூட்டம், அதுல முறைப்படி தேர்தல் வைப்போம்னு நானே முன்மொழிஞ்சேன். பதினோரு வருஷமா சண்முகவேல் "ஒருமனதாக"ன்னு சொல்லுவான், நான் ஏத்துக்குவேன். இந்தத் தடவ ஓட்டு. அந்தம்மா பொம்பளைங்க எல்லாரையும் நூலக உறுப்பினரா சேத்துருச்சு, அவங்களும் வாசகர்தானன்னுச்சு. சேத்துக்கோன்னு சொன்னேன். ஏன்னா எனக்கு ஒரு கணக்கு இருந்துச்சு.

அந்தம்மா, "கை தூக்கச் சொல்லுவோமா சார்?"ன்னுச்சு. நான், "அதெல்லாம் கிடையாது, ரகசிய ஓட்டு. சீட்டுல அவங்கவங்க கையால பேர எழுதிப் போடணும். எழுத்து தப்பினா செல்லாது"ன்னேன். பீடிப் பொம்பளைங்களுக்கு எழுதத் தெரியாதுல்லா. கைநாட்டுதான். நாங்க ஏழு பேரு எழுதுவோம், இவ ஒருத்தி எழுதுவா, அந்தம்மா ஓட்டு எண்ணுற ஆளு, அதுக்கு ஓட்டு கிடையாது. ஏழுக்கு ஒண்ணு. எதிர்த்து யாரு நிக்கான்னு கேட்டப்ப அந்த இசக்கியம்மா எந்திரிச்சு, "கோமு அக்கா"ன்னா. இவ மறுக்கல. நிக்கட்டும்னு விட்டேன்.

வந்தது எழுபத்தொரு பொம்பளைங்க. இவளையும் சேத்து. நாங்க ஏழு. எல்லாருக்கும் சீட்டு குடுத்தாச்சு. பாக்கேன், எல்லாவளும் குனிஞ்சு எழுதுதாளுங்க. நாக்க ஓரமா வெளிய தள்ளிக்கிட்டு, ஒவ்வொரு எழுத்தா. புதன்கிழமை கதை முடிஞ்ச பொறவு, என் பில் புக்குத் தாள்ல இவ எழுதிப் போட்டு, அதுக்கு மேலயே அவளுங்கள எழுத வச்சிருக்கா. ஆறு மாசமா. என் கடைத் தாள்ல.

எண்ணினாவ. மொத்தம் எழுபத்தெட்டு சீட்டு. ஒண்ணுல பேருக்குப் பதிலா ஒரு பூ வரைஞ்சிருந்துச்சு, அது செல்லாது. எனக்கு ஆறு. இவளுக்கு எழுபத்தொண்ணு.

கணக்குப் பாருங்க. பொம்பளைங்க எழுபத்தொண்ணு, அதுல ஒண்ணு பூ. மிச்சம் எழுபது. எழுபத்தொண்ணாவது ஓட்டு யாருது? எங்க ஏழு பேருல ஒருத்தன் மாத்திப் போட்டிருக்கான்.

நான் விடல. சண்முகவேல்கிட்டக் கேட்டேன். அவன் புள்ள மேல சத்தியம் பண்ணினான். நம்பல. அந்தோணிப்பிச்சையக் கேட்டேன், வேளாங்கண்ணி மாதா மேல ஆணைன்னான். நம்பல. ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போயிக் கேட்டேன். பதினோரு வருஷம் என் வடையத் தின்னுட்டு இப்படிச் செய்யலாமான்னு வாசல்ல நின்னு கேட்டேன். இப்ப ஆறு பேரும் எங்கூடப் பேசுறதில்ல. எதிர்ல வந்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருதாவ.

அந்த ஓட்டு யாருதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் சார்.

நீங்க வெளியூர், இறங்கிப் போயிருவீங்க, அதனால சொல்லுதேன். அது நான் போட்டது.

ஏன்னு கேக்காதீங்க. சீட்டு என் கையில இருக்கு. எம்பேரு நீளம், பரமார்த்தலிங்கம். சீட்டு சின்னது. எப்படி அடக்கி எழுதன்னு யோசிச்சுக்கிட்டு நிமிந்து பாத்தேன். எதுத்தாப்புல இவ உக்காந்திருக்கா. இடது கைய வளைச்சு, யாரும் பாத்துறாம மறைச்சுக்கிட்டு எழுதுதா. என்ன ஆனாலும் எம்பேரத்தான் எழுதுவான்னு நினைச்சேன். மொத எழுத்து எழுதினா, அது 'ப' இல்ல. கை போற விதத்துலயே தெரியும், முப்பத்தோரு வருஷமா பேர் வெட்டுறவன்லா நான், தூரத்துல இருந்தே எழுத்தச் சொல்லிருவேன். அது 'கோ'. தன் பேர அவளே எழுதுதா. எவ்வளவு நேரம் எடுத்து எழுதினா தெரியுமா? ஒவ்வொரு எழுத்தா, அழகா. நான் அதையே பாத்துக்கிட்டிருந்தேன். குனிஞ்சு என் சீட்டப் பாத்தா அதுலயும் கோமதின்னு இருக்கு.

ஊர்ல உள்ள எல்லாவ பேரையும் வெட்டியிருக்கேன் சார். இந்தப் பேர எழுதினது அதான் மொத தடவ. கையெழுத்து கொஞ்சம் கோணிப் போச்சு.

அது தவறுதல்தான? மனசறிஞ்சு போடல. அப்ப அந்த ஓட்டு செல்லாது, தேர்தலும் செல்லாது. அதத்தான் மனுவா எழுதிக் கொண்டு போறேன். இந்தா, பையில இருக்கு. 'மேற்படி தேர்தலில் ஒரு வாக்கு தவறுதலாகப் பதிவாகிவிட்டது'ன்னு வரைக்கும் எழுதியாச்சு. அதுக்குக் கீழ அந்தத் தவறு எப்படி நடந்துச்சுன்னு விளக்கணும். அந்த இடம்தான் வெறுமனக் கெடக்கு. இதோட மூணு தடவ பஸ் ஏறிட்டேன். நீங்க படிச்சவரு, ஒரு வரி சொல்லுங்களேன், கௌரவமா.

சொல்ல வரலியா. எனக்கும் அதான்.

ஜங்ஷன் வந்துருச்சு, நீங்க இறங்குங்க. பைய மறந்துறாதீங்க. நான் இறங்கல. வண்டி பத்து நிமிஷத்துல திரும்பும், இதுலயே போயிருவேன். கண்டக்டருக்கு என்னைய நல்லாத் தெரியும், ஒண்ணும் கேக்க மாட்டாரு.